ப்ளொக்கரா வேர்ட்பிரஸ்ஸா என்று கேட்பவர்களுக்கு

"வலைப்பூ ஒன்று தொடங்கப் போறேன் டீச்சர், ப்ளொக்கர் நல்லதா வேர்ட்பிரஸ் நல்லதா?" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் உள்பெட்டியில் கேட்டுவிட்டார்கள். ஒருவர் என் பழைய மாணவி, இப்போது செங்கலடியில் அவரும் ஒரு டீச்சர். மற்ற இருவரும் ஏறாவூர்ப் பிள்ளைகள். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதினால் விரல் தேய்ந்துவிடும். அதனால் இங்கேயே எழுதுகிறேன். நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவுக்கு வைத்து வாசியுங்கள்.

என் வலைப்பூ 2009 இல் தொடங்கியது. இதுவரை மூன்று தடவை வீடு மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் சாமான்களில் ஏதோ ஒன்று வண்டியில் ஏறவில்லை.

2009 இல் எங்களுக்குத் தெரிவு என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. வீட்டில் கணினி இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செங்கலடிச் சந்தியில், பதுளை வீதி பிரிகிற இடத்துக்குக் கிட்ட இருந்த நெற் கஃபேயில் ஒரு மணித்தியாலம் இருப்பேன். பாமினியில் தட்டச்சு செய்து பழகிய கை. அதைச் சுரதாவின் எழுத்துருமாற்றியில் போட்டு யுனிகோட்டாக்கி, வெட்டி ஒட்ட வேண்டும். அந்த வருடம் ஆகஸ்டில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் இலங்கைத் தமிழ்ப் பதிவர்கள் முதன்முதலாகக் கூடினார்கள். எனக்குப் போகக் கிடைக்கவில்லை. போனவர்கள் எழுதியதை எல்லாம் ஒன்று விடாமல் வாசித்தேன்.

ஏன் ப்ளொக்கர் என்றால், அப்போது எங்களை யாராவது வாசிக்க வேண்டுமென்றால் தமிழ்மணத்தில் இணைய வேண்டும். 2004 இல் காசி ஆறுமுகம் தொடங்கிய திரட்டி அது. புதுப்பதிவு போட்டால் அதன் முகப்பில் தலைப்பு வரும், அங்கிருந்து ஆட்கள் வருவார்கள். அதற்குத் தமிழ்மணம் தருகிற பட்டையை நம் வார்ப்புருவில் ஒட்ட வேண்டும். ப்ளொக்கர் தன் வார்ப்புருவைத் திறந்து கை வைக்க விடும். வேர்ட்பிரஸ்.கொம்மின் இலவசக் கணக்கில் அந்த மாதிரி நிரல்துண்டு ஒட்ட முடியாது. இவ்வளவுதான் காரணம். ஒரு தலைமுறைத் தமிழ்ப் பதிவர்கள் ப்ளொக்ஸ்பொட்டில் குடியேறியதற்கு அழகோ வசதியோ மட்டும் காரணமில்லை, அந்தப் பட்டையும் ஒரு காரணம். இன்று தமிழ்மணம் முன்பு போல இயங்குவதில்லை. குடியேறியவர்களின் வீடுகள் மட்டும் அங்கேயே நிற்கின்றன, பெரும்பாலும் பூட்டியபடி.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வலைப்பூவுக்குப் புனைபெயர் போதும். வாப்பா சின்ன வயதில் கூப்பிட்ட பெயரில் எழுதினேன். பெண்பிள்ளை, அதுவும் டீச்சர், என்ன எழுதுகிறாள் என்று யாரும் வீட்டுக்கு வந்து கேட்கவில்லை. முகநூலில் எழுதத் தொடங்கிய பிறகுதான் மாமிமார் எனக்கு இலக்கணம் திருத்துகிறார்கள்.

என்ன எழுதினேன்? தரம் 10, 11 தமிழ் இலக்கியக் குறிப்புகள். அவற்றைத்தான் அதிகம் பேர் தேடி வந்தார்கள். ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவை வேறு. வாப்பாவின் வட்டையில் புழங்கிய சொற்கள்: போடியார், முல்லைக்காரர், வட்டை விதானை, களவெட்டி, பொலி, அவணம், மரைக்கால். களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும் என்பதை அறுவடை இயந்திரம் வந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? எழுதி வைத்தேன். அப்புறம் உம்மா சொல்லச் சொல்ல எழுதிய 1990 ஆகஸ்ட். ஏறாவூரில் அந்த இரவு. அதை எழுதி முடிக்க ஐந்து மாதம் எடுத்தது.

முதல் மாற்றம் 2013. அந்த மார்ச்சில் கூகுள் ரீடரை மூடப்போவதாக அறிவித்தார்கள், ஜூலையில் மூடினார்கள். பதிவர்களிடையே ஒரே பேச்சு, அடுத்தது ப்ளொக்கர்தான் என்று. பயம் வீணானது என்று சொல்ல முடியாது. யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009 இல் போனது. போஸ்டரஸ் 2013 ஏப்ரலில் போனது. ஆனால் நடந்தது வேறு. ப்ளொக்கர் இன்றும் நிற்கிறது. "இனி வலைப்பூ எதற்கு, கூகுள் பிளஸ் போதும்" என்று போனவர்களின் எழுத்துத்தான் 2019 ஏப்ரலில் அதோடு சேர்ந்து அழிந்தது. எந்த வீடு நிற்கும், எது விழும் என்று சாத்திரம் பார்ப்பதில் பயனில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் வேர்ட்பிரஸ்.கொம்முக்குப் போனேன். போவது சுலபம். ப்ளொக்கரில் ஒரு கோப்பாக எல்லாவற்றையும் இறக்கலாம், வேர்ட்பிரஸ் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும், பின்னூட்டங்களோடு. ஆனால் படங்கள் பழைய இடத்திலேயே தங்கிவிடலாம், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புது முகவரிக்குத் தானாக அனுப்பி வைக்க ப்ளொக்கரில் ஒழுங்கான வழி இல்லை. "வீடு மாறிவிட்டோம்" என்று ஒரு பதிவைத் தொங்கவிட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

முகவரி என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழில் தலைப்பு வைத்தால் ப்ளொக்கருக்கு அதிலிருந்து முகவரி செய்யத் தெரியாது. எல்லாவற்றுக்கும் "ப்ளொக் போஸ்ட்" என்று போட்டு ஓர் இலக்கத்தை ஒட்டிவிடும். களவெட்டியும் ஒரு ப்ளொக் போஸ்ட், 1990 உம் ஒரு ப்ளொக் போஸ்ட். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும். ஆனால் அதை வாட்ஸப்பில் பகிர்ந்தால் ஒவ்வோர் எழுத்தும் சதவீதக் குறிகளாக உடைந்து ரயில் பெட்டி போல நீளும். உம்மா ஒருதரம் அதைப் பார்த்துவிட்டு "இதென்ன மனே, வைரசா?" என்று கேட்டார். இரண்டுக்கும் ஒரே மருந்து: பதிவை வெளியிட முன்னரே முகவரியை ஆங்கில எழுத்தில், சின்னதாக, நீங்களே எழுதிவிடுங்கள்.

2016 இல் சொந்தமாக ஒரு பெயரை வாங்கினேன். வழங்கியில் இடமும் வாடகைக்கு எடுத்தேன். வேர்ட்பிரஸ் மென்பொருளை எங்கும் நிறுவலாம், அது இலவசம். இடத்துக்குத்தான் காசு. ஐ.சி.ரி. படிப்பிக்கிற தம்பி எல்லாம் செய்து தந்தார். விளம்பரம் இல்லை, நினைத்தபடி வடிவமைக்கலாம். ஆறு வருடம் ராணி மாதிரி இருந்தேன்.

பிறகு 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மே மாதம் 360 ஐத் தொட்டது. வருடாந்த வாடகை டொலரில். பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றுகொண்டு, களவெட்டிச் சொற்களுக்காக டொலர் கட்டுகிறேன் என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. பெயருக்கான சிறிய தொகையை மட்டும் கட்டினேன். இடத்தை விட்டுவிட்டு மறுபடியும் ப்ளொக்கருக்கே வந்தேன். ப்ளொக்கரில் நம் சொந்தப் பெயரை இணைக்க அவர்கள் காசு கேட்பதில்லை. ஆகவே வாசிக்கிறவருக்கு நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன், உள்ளே சுவர்தான் மாறியிருக்கிறது.

ஆனால் திரும்பி வரும் பாதை போன பாதை போல இல்லை. ப்ளொக்கரின் கோப்பை வேர்ட்பிரஸ் வாங்கும், வேர்ட்பிரஸ்ஸின் கோப்பை ப்ளொக்கர் நேரே வாங்காது. இடையில் மாற்றித் தருகிற கருவிகளைத் தேட வேண்டும். எனக்குக் கிடைத்தது சரிவரவில்லை. முன்னூறு சொச்சம் பதிவுகளைக் கையால் ஒட்டினேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது, ஞாபகம் இருக்கும். கரண்ட் வருகிற நேரம் பார்த்து, சில நாள் சஹருக்கு எழும்பி, பத்துப் பதிவு, பன்னிரண்டு பதிவு.

பதிவுகளை ஒட்டலாம். பின்னூட்டங்களை ஒட்ட முடியாது. இன்னொருவர் பெயரில், அவர் எழுதிய திகதியில் நான் எப்படிப் போடுவது?

இங்கேதான் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். செங்கலடியில் என்னோடு ஒரே ஆசிரியர் அறையில் ஒன்பது வருடம் இருந்த சேர். வரலாறு படிப்பித்தவர். ஊர் வந்தாறுமூலை. அவரும் ஒரு வலைப்பூ வைத்திருந்தார், ப்ளொக்ஸ்பொட்டில், ஒரு தரமும் மாற்றாமல். கோயில் கல்வெட்டு, கறுத்தப்பாலம், படுவான்கரைக்குத் தோணியில் போன காலம் என்று எழுதுவார். 1990 செப்டெம்பரில் பல்கலைக்கழக வளாக முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றியும் எழுதியிருந்தார். அவர்களில் ஒருவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன்.

ஆகஸ்டை நான் எழுதினேன், செப்டெம்பரை அவர் எழுதினார். இரண்டு ஊருக்கும் இடையில் பஸ்ஸில் பத்து நிமிடம். ஆசிரியர் அறையில் இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நேர அட்டவணை, சம்பள நிலுவை, பரீட்சைக் கடமை, இவ்வளவுதான். ஆனால் என் பதிவின் கீழே ஒரு நாள் அவர் பின்னூட்டம் இட்டிருந்தார்: "வாசித்தேன் டீச்சர். உம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்." அடுத்த நாள் ஆசிரியர் அறையில் வழமை போல "மழை வரும் போல கிடக்கு" என்றார். நானும் "ஓம் சேர்" என்றேன்.

உம்மாவிடம் சொன்னேன். உம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவருக்குக் கொடுக்கச் சொல்லித் தொதல் கட்டித் தந்தார்.

அந்தப் பின்னூட்டம் ப்ளொக்கரிலிருந்து வேர்ட்பிரஸ்ஸுக்கு வந்தது, அங்கிருந்து என் சொந்த இடத்துக்கும் வந்தது. 2022 இல் வராது என்று தெரிந்ததும், அதைப் பிரதி பண்ணி, பதிவின் அடியில் திகதியோடு நானே தட்டச்சு செய்தேன். மற்றைய பின்னூட்டங்கள் ஒரு கோப்பாக என் கணினியில் கிடக்கின்றன. அதை மட்டும் அங்கே வைத்தேன்.

சேர் 2021 இல் மௌத்தாகிவிட்டார். 2023 இல் கூகுள் ஓர் அறிவித்தல் விட்டது: இரண்டு வருடம் திறக்கப்படாத தனிப்பட்ட கணக்குகளை, அந்த டிசம்பரிலிருந்து அழிக்கலாம் என்று. எனக்கு முதலில் நினைவு வந்தது அவருடைய வலைப்பூ. அவருடைய மனைவியிடம் போனேன். கடவுச்சொல் தெரியாது. மீட்புக் குறியீடு போகிற தொலைபேசி இலக்கம் எப்போதோ கைமாறிவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு வாப்பாவுக்கு வலைப்பூ இருந்ததே தெரியாது. (அப்பா என்று எழுத வேண்டும், கை பழக்கம்.)

உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியே நின்று எடுக்க ஒரு வழி உண்டு. இதை எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். ப்ளொக்ஸ்பொட் வலைப்பூ ஒவ்வொன்றுக்கும் செய்தியோடை ஒன்று இருக்கும். உரிமையாளர் அதைச் சுருக்கி வைக்காவிட்டால், முழுப் பதிவுகளும் அதில் வரிசையாக வரும். முகவரிக்குப் பின்னால் சின்னதாக ஒரு வால் சேர்த்தால் போதும். ஐ.சி.ரி. தம்பி அரை மணித்தியாலத்தில் இறக்கித் தந்தார். 137 பதிவுகள். படங்களைத் தனியாக எடுத்தோம். இன்ரநெற் ஆர்கைவின் வேபேக் மெஷினில் ஒவ்வொரு பக்கத்தையும் சேமிக்கக் கொடுத்தோம். ஒரு பென் டிரைவ் அவருடைய வீட்டில், ஒரு பிரதி மகனிடம், ஒன்று என்னிடம். அவர் புத்தகமாகப் போட்டிருந்தால் யாராவது ஒரு பிரதியை ஸ்கேன் பண்ணி நூலகம் தளத்தில் ஏற்றியிருப்பார்கள். வலைப்பூவுக்கு இருந்தது ஒரே பிரதி, அதன் திறப்பு ஒரு பழைய சிம் கார்டில்.

ஆகவே பிள்ளைகளே, எது நல்லது என்று கேட்டால், என் பதில் இது. இலவசமாக வேண்டுமென்றால் ப்ளொக்கர். பக்கங்களும் பிரிவுகளும் நிறைய வேண்டுமென்றால் வேர்ட்பிரஸ். இரண்டில் எதுவானாலும் முடிந்தால் ஒரு சொந்தப் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள், வீடு மாறினாலும் வாசல் மாறாது. தொடங்கும் நாளிலேயே, வெளியே கொண்டு போகிற கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒருதரம் இறக்கிப் பாருங்கள். ப்ளொக்கரில் நம்பிக்கையான இன்னொருவரை நிர்வாகியாகச் சேர்க்கலாம். நான் என் மகளைச் சேர்த்திருக்கிறேன். அவளுக்கு அதில் எள்ளளவும் ஆர்வமில்லை, ஆனால் திறப்பு இருக்கிறது.

முகநூலே போதுமே என்று ஒரு பிள்ளை கேட்டது. நானும் இங்கேதானே எழுதிக்கொண்டிருக்கிறேன், உடனே வாசிக்கிறீர்கள், சந்தோஷம்தான். ஆனால் 2018 மார்ச்சில் திகனக் கலவரத்தோடு முகநூலும் வாட்ஸப்பும் ஒரு வாரம் அடைபட்டுக் கிடந்தன. 2019 ஏப்ரலில் மறுபடியும் சில நாள். நீளமாக எழுதுவதற்கென்றே இருந்த "நோட்ஸ்" வசதியை 2020 இல் நிறுத்தினார்கள். நான்கு வருடத்துக்கு முன்பு இங்கே எழுதிய ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம். இந்தப் பதிவையும் நாளைக்கு வலைப்பூவில் போட்டுவிடுவேன்.

ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டிப் பக்கம் 2008 தொடக்கம் எழுதி, இப்போது கைவிட்ட வலைப்பூ யாரிடமாவது இருந்தால், அல்லது மௌத்தாகிப்போன ஒருவருடையது தெரிந்தால், முகவரியை உள்பெட்டியில் அனுப்புங்கள். சனிக்கிழமை லுஹர் வரை வீட்டில் இருப்பேன், ஐ.சி.ரி. தம்பியும் வருகிறேன் என்றிருக்கிறார். பென் டிரைவ் கொண்டுவந்தால் இறக்கித் தருகிறோம். கரண்ட் இல்லாவிட்டால் ஞாயிறு.