சொந்த மைதானம் யாருக்குச் சொந்தம்?

எங்கட எல்லே அணிக்கு ஒரு வியாதி இருக்கு. ஏறாவூருக்கோ செங்கலடிக்கோ போனால் நல்லா அடிப்பம். தன்னாமுனையில, எங்கட சொந்த மைதானத்தில எண்டால் பொல்லு பந்தில படாது. எல்லேயில அடிக்கிறவளுக்கு மூண்டு வாய்ப்பு. வெளியூரில முதல் பந்தையே ஓங்கி விளாசுற அதே பிள்ளைகள், ஊருக்குள்ள முதல் ரெண்டையும் வீணாக்கிப்போட்டு மூண்டாவதை மெல்லத் தட்டிவிட்டு ஓடுவாங்க. ஏன்?

ஊரில சொல்ற முதல் காரணம் காத்து. ஆடி மாசத்தில கச்சான் வாவிப் பக்கமிருந்து அடிக்கும். அந்தக் காத்துக்கு எதிரா அடிச்ச பந்து பாதி வழியில நிண்டு விழும். உண்மைதான். அமெரிக்காவில சியாட்டில் மரைனர்ஸ் எண்ட பேஸ்போல் அணியின் மைதானமும் இப்படித்தான் பேர் எடுத்தது. கடலோரக் குளிர்காத்து அடர்த்தியானது, அதனால பந்து தூரம் போகாது எண்டு சொல்வாங்க. ஆனா காத்து ஆள் பார்த்து அடிக்கிறதில்ல. வந்த அணிக்கும் அதே காத்துத்தான். அவங்க அடிக்கிறாங்க. அப்ப எங்களுக்கு மட்டும் என்ன?

இந்த இடத்தில எங்களுக்கு சேப்பாக்கம் ஞாபகம் வருது. 2025 ஐபிஎல்லில சென்னை சூப்பர் கிங்ஸ் அங்க மும்பையை வெண்டுதான் தொடங்கினது. அதுக்குப் பிறகு அதே மைதானத்தில வரிசையா 5 தோல்வி. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிரா 20 ஓவரும் ஆடி 9 விக்கெட்டுக்கு 103 ஓட்டம். கொல்கத்தா அதே இரவு, அதே பிட்ச்சில, 10.1 ஓவரில ஆட்டத்தை முடிச்சது. அரங்கு முழுக்க மஞ்சள் சட்டை. ஒரு பிரயோசனமும் இல்ல. பயிற்சியாளர் ஸ்டீபன் ஃப்ளெமிங் அந்த சீசனிலேயே வெளிப்படையா சொன்னார்: சேப்பாக்கத்தில எங்களுக்கு எந்த அனுகூலமும் இல்ல, அந்தப் பிட்ச் எப்படி நடக்கும் எண்டு எங்களால கணிக்க முடியேல்ல எண்டு.

அந்தப் பதிலில ஒரு விசயம் இருக்கு. சொந்த மைதானம் எண்டால் தெரிஞ்ச மைதானம் எண்டு நாம நினைக்கிறம். பேரில சொந்தமா இருந்தாலும் நிலம் தெரியாட்டி அது வெளியூர்தான்.

எங்கட நிலைமை அதைவிட மோசம். எங்கட மைதானத்தில நாங்க பழகுறதே இல்ல. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு பெடியன்களின் கிரிக்கெட், மறுகா ஃபுட்போல். எங்களுக்கு மிஞ்சுறது உச்சி வெயில். அதனால கலைப்பீடத்தில படிக்கிற நாங்க சிலர் லெக்சர்ஸ் முடிய வந்தாறுமூலையிலேயே பழகிட்டு பஸ் ஏறுறம். மெட்ச் நாளில எந்த இடத்தில மணல் பந்தைப் பிடிக்கும், எங்க பள்ளம் கிடக்கு எண்டு எங்களை விடப் பார்க்க வந்தவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.

ரெண்டாவது காரணம் கண்கள். 1984 இல ரோய் பௌமைஸ்டர், ஆண்ட்ரூ ஸ்டைன்ஹில்பர் எண்ட ரெண்டு உளவியலாளர்கள் 1924 தொடக்கம் 1982 வரையான பேஸ்போல் உலகத் தொடர்களை ஆராய்ஞ்சாங்க. தொடரின் ஆரம்ப ஆட்டங்களில சொந்த மைதான அணி கூட வெல்லுது. தீர்மானிக்கிற கடைசி ஆட்டத்தில கூடத் தோக்குது எண்டு கண்டாங்க. தன்ட ஆக்களுக்கு முன்னால வெல்லப்போறம் எண்ட நினைப்பு வந்ததும், பழகின கை தன்னைத் தானே கவனிக்கத் தொடங்கி தடுமாறுது எண்டது அவங்கட விளக்கம். 1995 இல வேற ஆய்வாளர்கள் பிந்திய ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்து அந்த முடிவை மறுத்தாங்க. விவாதம் இருக்கட்டும். கை தன்னைக் கவனிச்சால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு நல்லாத் தெரியும்.

ஊரில விளையாடக்குள்ள எங்களைப் பார்க்கிறவங்க பந்தைப் பார்க்கிறதில்ல. மதிலில இருக்கிற பெடியன்கள், சைக்கிளை நிப்பாட்டுற மாமாமார், "இது ஆர்ர மகள்?" எண்டு கேக்கிற பெரியம்மாமார். ஓங்கி அடிக்க வேணுமெண்டால் இடுப்பைத் திருப்ப வேணும், காலை அகட்ட வேணும். அந்த நேரம் சட்டை ஏறுதா எண்டு ஒரு கை தானாப் போகும். ஒரு கையால எல்லே அடிக்கேலாது. வெளியூரில எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. அங்க நாங்க வெறும் அணி. இங்க நாங்க மகள்மார்.

அதுக்காக எல்லாத்தையும் மனசில போடவும் கூடாது. 2023 செப்டெம்பர் 17, கெத்தாராமையில ஆசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில இலங்கை 50 ஓட்டத்துக்குச் சுருண்டது. சொந்த மண், சொந்த சனம். ஆனா அண்டைக்கு சிராஜ் ஒரே ஓவரில 4 விக்கெட் எடுத்தார், மொத்தம் 6. சில நாளில எதிராளி நல்லாப் போடுறார், அவ்வளவுதான். எங்களிட்ட வெண்ட சில அணிகளும் எங்களை விடத் திறமானவங்கதான்.

ஆனா திருத்தக்கூடியதைத் திருத்தலாம். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் மைதானம் வேணும் எண்டு கேட்டம். "முதல்ல ஊருக்குள்ள வெண்டு காட்டுங்க, மறுகா பார்ப்பம்" எண்டு பதில் வந்தது. மைதானம் தராமல் மைதானத்தில வெல்லச் சொல்றாங்க. நாங்க திரும்பவும் கேக்கப்போறம், இந்த முறை எங்கட அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு. அவங்களில ரெண்டு பேர் பள்ளிக்கூடத்தில எல்லே விளையாடினவங்க. அவங்களும் ஊருக்குள்ள அடிச்சதில்லையாம்.