பொடி எழுத்து

ஆனி மாதத்தில் எங்கள் சித்தூருக்கு வந்தால், கூழ் ஆலைகளின் வாயிலில் தோதாபுரி மாங்காய் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நிற்பதைக் காணலாம். தையில் ஒரு பழமும் கிடைக்காது. பொங்கல் விடுமுறைக்குப் புறப்பட்ட நான், மாம்பழப் பைத்தியமான தங்கைக்காகத் திருப்பதியில் ஒரு புட்டி மாம்பழ ஸ்குவாஷ் வாங்கிச் சென்றேன்.

ஆசையோடு குடித்தாள். சில நிமிடங்களில் மூச்சு இரைக்கத் தொடங்கியது. அவளுக்கு ஆஸ்துமா உண்டு.

"என்ன கொடுத்தீர்கள், தம்பி?" என்றார் டாக்டர். புட்டியை நீட்டினேன். பொடி எழுத்தில் இருந்த 224 என்ற எண்ணைத் தொட்டு, "இதுவாக இருக்கலாம்" என்றார். அது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்; பானம் கெடாமல் காப்பது. ஆயினும் அதிலிருந்து பிறக்கும் கந்தக டைஆக்சைடு, ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சுக் குழலை இறுக்கிவிடும்.

உப்பு, சர்க்கரை, எண்ணெய் முதலியவற்றை முதல் வகுப்புப் பதனப் பொருள்கள் என்கிறது நம் உணவுச் சட்டம். பாட்டியின் ஊறுகாய் கெடாமலிருப்பது அவற்றால்தான். சல்பைட்டும் பென்சோயேட்டும் இரண்டாம் வகுப்பு. அளவோடு சேர்க்க அனுமதி உண்டு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்குமேல் சல்பைட் இருந்தால் லேபிளில் அறிவிக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. அறிவித்துத்தான் இருந்தார்கள். படிக்காதவன் நானே!

தங்கை தேறிவிட்டாள். என் நெஞ்சுதான் இன்னும் தேறவில்லை. நண்பர்களே, தேர்வுக்காக அடிக்குறிப்பைக்கூட விடாமல் படிக்கிறோம். வாயில் இடுவதையும் சற்றுப் படித்தால் என்ன?