மேடைத்தராசும் கம்பியில்லா வலையமைப்பும்

கிழக்கிலங்கையின் தென்பாகத்துக் கரையோரத்தே, மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தொடரும் முஸ்லிம் ஊர்களைக் கடலோடும் கடைத்தெருவோடும் மட்டும் இணைத்துப் பார்ப்பது பலரது வழக்கம். ஆயின் இவ்வூரவர் பலரது வாழ்வு மேற்கே சம்மாந்துறைப் பக்கமாக விரியும் வயல்வெளியிலே தங்கியுள்ளது. பெரும்போக அறுவடை முடிந்ததும் நெல் லொறிகளில் ஏறி ஆலைகளை நாடுகின்றது. போடியாராயினும் குத்தகைக்காரராயினும், ஒருவரின் பல மாத உழைப்பு ஈற்றில் ஓர் எண்ணாகச் சுருங்குவது லொறியை நெல்லோடு நிறுக்கும் மேடைத்தராசிலேயாம். அவ்வெண் தராசிலிருந்து அலுவலகக் கணினிக்கு எவ்வழியே செல்கின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தகைய தராசுகளின் நிறைகாட்டிகள் பலவற்றின் பின்புறத்தே ஒரு தொடர் துறை உண்டு. 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.232 என்னும் நியமத்தின் வழி வந்தது அது. மருதமுனைத் தறியில் ஊடை நூல் ஒன்றன்பின் ஒன்றாகப் பாவினூடே செல்வது போல, பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியிற் செல்கின்றன. இவ்வுரையாடலில் 'நீ யார்' என்ற வினாவுக்கே இடமில்லை. கேட்பவர் எவராயினும் தராசு விடை கூறும். இது நெடுங்காலம் ஒரு குறையாகத் தோன்றாமைக்குக் காரணம் உண்டு. கம்பி பொதுவாக ஏறத்தாழ 15 மீற்றருக்கு மேல் நீள்வதில்லை. அதன் மறுமுனையில் இருப்பவர் அதே கட்டடத்தில், பிறர் கண்முன்னே இருப்பவர். காவலாக அமைந்தவை சுவரும் கதவுமே.

இன்றைய மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் அத்துறை இல்லை. முற்றத்தின் குறுக்கே லொறிகள் ஓடுமிடத்துக் கம்பி இழுப்பதும் எளிதன்று. இவ்விடத்தே உதவிக்கு வருவது டிவைஸ் சேர்வர் எனப்படும் சிறு பெட்டி. ஒருபுறம் தராசின் தொடர் துறையோடு பொருந்தி, மறுபுறம் வைஃபை வழியாக வலையமைப்பிற் சேரும் இப்பெட்டி, பழைய கருவியின் பேச்சை மாற்றாது வலையமைப்பில் ஏற்றி விடுகின்றது. தராசை மாற்றத் தேவையில்லை என்பது சிறிய ஆலைகளுக்குப் பெரும் ஆறுதல்.

எனினும் பெட்டியை அமைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. வேகம், பிட் எண்ணிக்கை, பரிட்டி, நிறுத்து பிட் ஆகிய நான்கும் தராசில் உள்ளவாறே பெட்டியிலும் இருத்தல் வேண்டும். வேகம் பிழைத்தால் திரையில் வெறும் குப்பையே தோன்றும். எவரும் உடனே கண்டுகொள்வர். பரிட்டி பிழைத்தால் நிலைமை வேறு. நிறைகாட்டிகள் சில ஒவ்வோர் இலக்கத்தையும் ஏழு பிட்டுகளால் அனுப்பி, ஒன்றுகளின் தொகை இரட்டையெண்ணாகும்படி எட்டாவதாக ஒரு பரிட்டி பிட்டைச் சேர்ப்பன. பெட்டியைப் பரிட்டியற்ற எட்டுப் பிட்டுகளுக்கென அமைத்துவிட்டால், 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்கள் மாறாது வந்து சேரும். அவற்றில் எட்டாவது பிட் சுழியமே. ஆனால் 1, 2, 4, 7, 8 ஆகியன இனங்காண முடியாத குறிகளாகிவிடும். புரியாத குறிகளை ஒதுக்கிவிடும் மென்பொருள் கணினியில் இருப்பின், தராசு 14,350 கிலோ எனக் காட்டும் லொறி திரையில் 350 கிலோவாக நிற்கும். வெறும் மேடையில் 0 சரியாகத் தோன்றுவது கண்டு வேலை முடிந்ததென எழுந்துவிடுபவர் ஏமாறுவது இங்கேதான். பத்து இலக்கங்களும் வரும்படி வெவ்வேறு பாரங்களை ஏற்றிப் பார்த்தல் அவசியம்.

எண் சரியாக வந்தபின்னர் எழும் வினாவே பெரிது: அதனை யார் யார் கேட்கலாம்? கம்பியின் இடத்தில் காற்று வந்ததும் சுவர் இல்லாமற் போய்விட்டது. மட்டக்களப்புப் பிரதேசத்துப் பழைய களவெட்டிகளிலே நெல்லைப் 'பொலி' என்றும் கடகத்தைப் 'பெருவாயன்' என்றும் மறைசொற்களாற் சுட்டினர். கண்ணுக்குத் தெரியாத பூதங்கள் கேட்டு விளைச்சலைக் கொண்டுபோய்விடும் என்ற அச்சமே காரணம். அந்நம்பிக்கை எவ்வாறாயினும், திறந்தவெளியிற் பேசுவோருக்கு மறைமொழி வேண்டும் என்ற எண்ணம் தவறன்று. பெட்டியோடு வரும் பொதுக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல், குறியாக்கமுள்ள வைஃபையில் மட்டும் அதனைச் சேர்த்தல், அலுவலகக் கணினியின் முகவரி ஒன்றுக்கே இணைய அனுமதித்தல், பயன்படாத டெல்நெட் போன்ற வாயில்களை மூடுதல் ஆகியன அம்மறைமொழிக்கு ஈடானவை. வைஃபைக் குறியாக்கம் காற்றில் உள்ள தூரத்தை மட்டுமே காக்கும் என்பதும் நினைவிருக்க வேண்டும். பெட்டியை இணையத்துக்கு நேரே திறந்துவிடுவது ஒருபோதும் தகாது.

இது மிகைப்பட்ட அச்சமன்று. 2015 டிசம்பர் 23ஆம் திகதி உக்ரேனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் வலையமைப்பினுள் புகுந்தோர், ஏறத்தாழ 225,000 பாவனையாளரின் மின்சாரத்தைத் துண்டித்தனர். அதனோடு நில்லாது, துணைமின்நிலையங்களில் இருந்த இதே இனப் பெட்டிகளின் உள்மென்பொருளையும் அழித்தெழுதினர். தொலைவிலிருந்து ஆணையிட வழியின்றி, ஊழியர் நேரிற் சென்று கையால் ஆளிகளை மூட வேண்டியதாயிற்று. ஓர் அரிசி ஆலையை எவரும் அவ்வாறு தாக்கார் எனலாம். ஆயினும் நெல்லின் நிறையிலே பணம் இருக்கின்றது. பணம் உள்ள இடத்துக்குத் தூரதேசத்துப் பகைவர் வேண்டியதில்லை.

ஏனையவை ஊரின் இயல்பைப் பொறுத்தவை. தகரக் கூரையும் தகரச் சுவரும் வைஃபை அலையைத் தடுப்பன. ஆதலால் பெட்டியின் அன்டெனா வெளியே அமைவது நன்று, உப்புக் காற்றுப் படாத உறையினுள். 2022இல் நாடு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்டது. மின் வந்து ரவுட்டர் மீண்டும் இயங்கும்போது பெட்டிக்குப் புதிய முகவரி கொடுத்துவிடலாம். அப்போது கணினி பழைய முகவரியிலே தேடிக்கொண்டிருக்கும். நிலையான முகவரி இதற்கு மருந்து. தொடர்பு அறுந்தபின்னும் முந்திய லொறியின் நிறை திரையிலே தங்கிவிடாதபடி மென்பொருள் அதனை அழித்தல் வேண்டும். கணினி வந்துவிட்டதே என்று, முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும் நிறைகாட்டியைச் சில இடங்களிற் கழற்றி உள்ளே வைக்க விரும்புவர். அது அங்கேயே இருக்கட்டும். லொறியோடு வந்தவர் அதிலுள்ள எண்ணையும் தம் கையிலுள்ள சீட்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.