மாத்தளை வெயிலில் புதிய வர்ணங்கள்

தை, முதல் ஞாயிறு

கொழும்பு நண்பர் அனுப்பிய புதிய நீர்வர்ணக் குழாய்கள் வந்து சேர்ந்தன. உறையில் அச்சிட்ட அழகிய நாமங்களில் மனத்தைப் பறிகொடாமல், பின்புறத்தில் பொடியெழுத்தில் உள்ள வர்ணப்பொருட் குறியீட்டையே முதலில் வாசிப்பது என் வழக்கம். பி.ஒய். 43 என்றால் அது மஞ்சட்காவி, பி.பி. 29 என்றால் அல்ட்ராமரைன் நீலம்; இரண்டு மூன்று குறியீடுகள் சேர்ந்திருந்தால், யாரோ நமக்காக முன்பே கலந்து வைத்தது; அதனோடு இன்னொன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் சேறுதான். பருத்திக் காகிதத்தில் ஒவ்வொன்றையும் கெட்டியாகத் தொடங்கி நீராய் முடியும்படி பட்டைகளாகத் தீட்டி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, தெற்குப் பார்த்த ஜன்னலில் ஒட்டி வைத்தேன்.

தைப்பூசம்

மழை விட்டபாடில்லை. ரத்தோட்டைக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலுக்குள் மறைவதும் வெளிப்படுவதுமாய் இருந்த வேளையில் அல்ட்ராமரைனைப் பரீட்சித்தேன். ஈரக் காகிதத்தில் அதன் துகள்கள் மெல்லக் கீழிறங்கி, காகிதத்தின் சிறு குழிகளில் தங்கி, தூரிகையால் தீட்ட இயலாத ஒரு மலைப்பனியைத் தாமே உண்டாக்குகின்றன. தேலோ நீலமோ நாரிலேயே ஊறிவிடுகிறது; நனைத்துத் துடைத்தாலும் போகாது. இவ்வூர் ஈரத்தில் தட்டிலுள்ள வர்ணம் உலருமுன் பெட்டியை மூடினால் பிசினில் பூஞ்சணம் பிடிக்கும். தேன் கலந்த வர்ணங்களோ எளிதில் உலர்வதே இல்லை.

மாசி மகம்

முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனி. தேர்ச்சீலைகளின் ரோஜா நிறத்தைப் பிடிக்க, பெட்டியில் இருந்தவற்றுள் ஒளிரும் சாயம் சேர்ந்த ரோஜாவைப்போல் வேறொன்றும் உதவவில்லை. வீதியில் நின்று விரைந்து தீட்டிய சித்திரத்தைப் பார்த்தவர் அனைவரும் அந்நிறத்தையே மெச்சினர்.

பங்குனி, பூரணை

தம்புள்ளைக் குகைகளுக்குச் சென்றேன். அங்குள்ள சித்திரங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் புதுப்பிக்கப்பெற்றவை. கண்டிய ஓவியரின் வர்ணங்களை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விவரித்திருக்கிறார்: சிவப்புக்குச் சாதிலிங்கம், வெள்ளைக்கு ஒருவகைக் களிமண், மஞ்சளுக்குக் கொகட்டு மரத்துப் பிசின். மேல்நாட்டார் காம்போஜ் என்று பெட்டிகளில் விற்ற மஞ்சளும் இவ்வினத்து மரங்களின் பிசினே. வயிற்றைக் கலக்கும் நஞ்சு அது, வெயிலில் வெளிறவும் செய்யும். ஆகவே இன்று காம்போஜ் என்ற நாமத்தோடு வரும் குழாய்களில் பெரும்பாலும் இருப்பது வேறு வர்ணப்பொருள். வெயில் நேரே படாத குகைக்குள் அப்பிசினுக்கு இத்துன்பமில்லை. காசியப்பன் காலத்துச் சீகிரியப் பெண்களோ திறந்த பாறைக்குடைவில், பெரும்பாலும் காவிகளையும் பசுமண்ணையும் நம்பி, 1,500 ஆண்டுகளாக நிற்கின்றனர்.

சித்திரை, வருடப் பிறப்பு

ஜன்னலிலிருந்து பட்டைகளை இறக்கி அட்டையை நீக்கினேன். மஞ்சட்காவியிலும் அல்ட்ராமரைனிலும் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் யாதொரு பேதமுமில்லை. அலிசரின் கிரிம்சன் சற்று மெலிந்திருந்தது. தேர்ச்சீலைக்கு அத்தனை பொருந்திய அந்த ரோஜாவோ, மூடிய பாதியில் முன்போலவே ஜொலிக்க, திறந்த பாதியில் பழைய துணியின் சாயலுக்கு வந்துவிட்டது.

புதிய வர்ணங்களை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லேன். அச்சகத்துக்குப் போகவிருக்கும் சித்திரத்துக்கு ஒளிரும் ரோஜா தாராளமாக உதவும். ஆனால் பிறர் விலைகொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டப் போகும் சித்திரத்துக்கு, உறையில் உள்ள ஒளிநிலைப்புக் குறியையும் உங்கள் வீட்டு ஜன்னலையும் கலந்தாலோசித்த பின்னரே வர்ணத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒற்றைப் பொருளால் ஆன, வெயிலுக்கு நின்ற சில குழாய்கள் இருந்தால், இந்த மாவட்டத்தின் மலையையும் மண்ணையும் தீட்ட அவை தாராளமாகப் போதும்.