ஜிகனிக்குக் கல் வாங்கப் போகிறீர்களா?
ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் வழியில், பொம்மசந்திராவில் இடப்பக்கம் திரும்பினால் ஜிகனி. எங்கு பார்த்தாலும் கிரானைட் கிடங்குகள்! ஆந்திராவின் சீமகுர்த்தியில் வெட்டியெடுத்த ‘பிளாக் கேலக்ஸி’, கறுப்பு வானில் நட்சத்திரம்போல மின்னுகிறது.

நிறத்தில் மயங்கும் முன், கல்லில் தண்ணீர் தெளியுங்கள்; நனைந்த இடம் சட்டென்று கறுத்தால் அது எண்ணெய்க்கறையையும் இழுக்கும்.

சிங்க்கைக் கல்லுக்கு அடியில் பொருத்தினால், மேடையைத் துடைத்து நீரை நேரே உள்ளே தள்ளலாம். வெட்டும் துளையின் விளிம்புக்கும் பாலிஷ் போடச் சொல்லுங்கள். முன்விளிம்பை உருட்டிவிட்டால் சப்பாத்தி தேய்க்கும்போது மணிக்கட்டில் குத்தாது. அறுத்த பிறகு எதையும் மாற்றுவது கஷ்டம். அதனால் சிங்க், அடுப்பு அளவுகளோடு, அந்த மேடையில் தினமும் நின்று சமைப்பவரையும் அழைத்துச் செல்லுங்கள். கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும்!