துணி விழிக்கும் வேளை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலராசிரியர் பணித்தபோது, எதனை எழுதுவதென்று நாம் சில நாள் மலைத்திருந்தோம். விளையாட்டுச் சாதனை எமக்கில்லை. மேடைப் பேச்சும் வாய்த்ததில்லை. ஆகவே, தலவாக்கலையில் ஒரு பழைய காருக்கு ஹூட் போட்ட கதையையே எழுதத் துணிந்தோம். கல்லூரியிற் கற்ற பாடமொன்றை அறுபது ஆண்டு தாமதித்து விளங்கிக்கொண்ட கதையும் அதுவே.

எம் தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து சென்று, தலவாக்கலைப் பகுதித் தோட்டமொன்றிற் கிளாக்கராகப் பணியாற்றியவர். நாம் விடுதியில் தங்கிப் படித்தோம். விடுமுறைக்கு மட்டும் இரயிலேறி மலைக்குச் செல்வோம். 1960 ஆம் ஆண்டளவில் அத்தோட்டத்துத் துரையிடம் எம்.ஜி. டி.டி. என்னும் இருவர் அமரும் திறந்த கார் இருந்தது. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1949 முதல் 1953 வரை செய்யப்பட்ட வகை அது. நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பற்றித் துரைமார் பேசுவதைக் கேட்ட எமக்கு, அக்காரைத் தொட்டுப் பார்ப்பதே பெருங்கனவு.

ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் துரை, மழையில் நனைந்த ஹூட்டைக் காயவிடாது தாமே மடித்துக் கட்டினார். மலைநாட்டு ஈரம் சும்மா இருக்குமா? பூஞ்சணம் பிடித்து, மடிப்பு வழியே துணி கிழிந்தது. ஏச்சு விழுந்ததோ டிரைவருக்கு. அவர் தலைகுனிந்து நின்றார். உண்மையறிந்த எம் தந்தையாரும் வாய் திறக்கவில்லை. கந்தோர்ச் சாளரத்தினூடே நாம் அதனைப் பார்த்திருந்தோம்.

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் கப்பலேறினர். அவர்தம் கார்கள் சில இங்கேயே தங்கின. அவ்வகைக் காரொன்று, பொறியியலாளராய் இருந்து ஓய்வு பெற்ற எம் கைக்கு அண்மையில் வந்து சேர்ந்தது. இயந்திரம் ஓடியது, ஹூட் மட்டும் கந்தலாய்த் தொங்கியது. இங்கிலாந்திலிருந்து புதிய வைனைல் துணி ஒன்றை வரவழைத்தோம்.

அதனைப் பொருத்த வந்தவர் தலவாக்கலையிற் குஷன் வேலை செய்யும் முதியவர். எழுபதைக் கடந்தவர், கொழுந்தெடுத்த தாயின் மகன். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைப்பர். அன்று பெப்ரவரி மாதத்துக் காலை. மழையில்லை, ஆயினும் கடுங்குளிர். மாஸ்டர் சட்டத்தின் நடுவையும் துணியின் நடுவையும் சுண்ணக்கட்டியாற் குறித்து, இரண்டையும் பொருத்தினார். பின்னர் நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறி இழுத்து, தற்காலிகமாகக் கவ்விகளை மாட்டினார். பொத்தான்களுக்குத் துளையிடுவதே கடைசி வேலை. அதற்குமுன் அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்தார்.

"ஐயா, துணி இன்னும் முழிக்கலீங்க. வெயில் ஏறட்டுங்க" என்றார்.

நண்பகலில் நண்பர்கள் வருவதாயிருந்தனர். அளவுநாடாவை விரித்துக் காட்டி, "அளவு சரியாகத்தானே இருக்கிறது, மாஸ்டர்? துளையைப் போடுங்கள்" என்றோம். அவர் எம்மை ஒருமுறை நோக்கினார், மறுபேச்சின்றித் துளையிட்டார்.

வெயில் ஏறிற்று. குளிரில் இறுகிச் சுருங்கி நின்ற துணி இளகி விரிந்தது. பின்மூலையிற் சுருக்கம் விழுந்து, மழைநீர் தேங்கத்தக்க பள்ளமொன்று தோன்றியது. கராஜ் உரிமையாளர் ஓடிவந்து, "வயது போனவரிடம் வேலை கொடுத்தால் இப்படித்தான்!" என்று சீறினார். மாஸ்டர் ஒன்றுஞ் சொல்லவில்லை, தலைகுனிந்து நின்றார்.

அந்நிலையை நாம் முன்னரே கண்டிருக்கிறோம் அல்லவா? அன்று சாளரத்தின் பின்னே நின்றோம். இன்று துரை நின்ற இடத்தில் நிற்கிறோம். சில கணம் நாமும் மௌனமாயிருந்தோம் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறோம். பின்னரே, "தவறு எம்முடையது, அவர் பொறுக்கச் சொன்னார், நாமே கேட்கவில்லை" என்றோம்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் எம் பௌதிக ஆசிரியர் இரும்புக் குண்டைச் சூடாக்கி, அது வளையத்தினூடே நுழையாமையைக் காட்டியது அப்போது நினைவுக்கு வந்தது. வெப்பத்தாற் பொருள்கள் விரியும் என்றெழுதி முழுப் புள்ளிகளும் பெற்றோம். அதையே மாஸ்டர் வேறு சொல்லாற் கூறியபோது எமக்கு விளங்கவில்லை.

மாஸ்டர் எஞ்சிய துணியில் ஒரு துண்டு வெட்டி, பழைய துளையை உட்புறமாக ஒட்டித் தைத்தார். வெயில் நன்கு காய்ந்தபின், மீண்டும் இழுத்து, இரண்டு விரல் தள்ளிப் புதுத் துளை போட்டார். ஹூட் மத்தளத்தோல் போல் நின்றது. "ஈரத்தோட மடிச்சிராதீங்க ஐயா" என்பது மட்டுமே அவர் எமக்கிட்ட கட்டளை.

அடுத்த கிழமை நானுஓயா வீதியில் மழை பிடித்தது. ஒரு துளியும் உள்ளே வரவில்லை. அருகில் அமர்ந்திருந்த மாஸ்டர் கையை உயர்த்தி அத்தையலைத் தடவிப் பார்த்து, "வேற துணி வாங்கினா ஒட்டு இல்லாம போட்டுத் தரேங்க" என்றார். வேண்டாம் என்றோம். அவ்வொட்டு இன்றும் எம் தலைக்கு மேலே இருக்கிறது.

இளம் மாணவர்களே, புள்ளிகள் பெறுங்கள், நன்று. அதனோடு, கையால் வேலை செய்வோர் பொறுக்கச் சொன்னாற் பொறுங்கள். அவர்மேல் வீண்பழி விழுந்தால் வாய் திறவுங்கள். எம் கல்லூரி நீடு வாழ்க!