சிவப்பு மை

கல்லூரி ஆண்டுமலருக்கு வரும் மாணவர் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, பல ஆண்டுகளாகத் தமிழ்த்துறையில் எங்கள் இருவரிடமே இருந்து வருகிறது. 2019ஆம் ஆண்டு மலருக்கு, இயற்பியல் முதலாண்டு மாணவன் ஒருவன் சூரியனைப் பற்றி எழுதித் தந்திருந்தான். தொடக்கம் நன்றாகவே இருந்தது. முதற்பக்கத்தின் இறுதியில் ஒரு வாக்கியம்: சூரியனின் மேற்பரப்பைவிட அதைச் சூழ்ந்துள்ள கொரோனா நூறு மடங்குக்கும் மேல் வெப்பநிலை கொண்டது. அடுப்பை விட்டு விலக விலக அனல் குறையும் என்பதைச் சமையலறையில் நின்ற எவரும் அறிவர். அவ்வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'பொருட்பிழை' என்றெழுதித் தள்ளிவைத்தோம். பொருட்குற்றம் காண்பதில் தமிழாசிரியருக்குள்ள உற்சாகம் வாசகர் அறியாததன்று.

மலர் அச்சாகி வந்தபின், தேநீர் வேளையில் இயற்பியல்துறை நண்பரிடம் இதைச் சொல்லிச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, பையன் எழுதியதுதான் சரி" என்றார்.

அன்று அவர் சொன்னதும் பின்னர் நாங்கள் தேடிப் படித்ததும் இவை. சூரியனின் நடுவே வெப்பநிலை ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி. அங்குள்ள பொருள் தங்கத்தைவிட எட்டு மடங்கு அடர்த்தியானது. மேலே வர வர இரண்டும் குறைகின்றன. நம் கண்ணுக்கு விளிம்பாகத் தெரியும் ஒளிக்கோளத்தில் வெப்பநிலை சுமார் 5,500 டிகிரிதான். அடர்த்தியோ நாம் மூச்சுவிடும் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. அதற்கு மேல் ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் வெப்பநிலை 4,000 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. அடுப்பின் நியாயம் அதுவரைதான். பின்னர் நிறக்கோளத்தில் மெல்ல ஏறி, அதைக் கடந்ததும் ஒரே தாவலில் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அடர்த்தி மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது.

இதனை உலகமும் எளிதில் நம்பிவிடவில்லை என்பதில் எங்களுக்குச் சிறு ஆறுதல். 1869ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது கொரோனாவின் ஒளியில் இனம்தெரியாத பச்சைக்கோடு ஒன்று காணப்பட்டது. புதிய தனிமம் என்றெண்ணி அதற்குக் 'கொரோனியம்' என்று பெயரும் இட்டார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பின் குரோட்ரியன், எட்லேன் ஆகியோரின் ஆய்வால் அது பழைய இரும்புதான் என்று தெரிந்தது. தன் 26 எலெக்ட்ரான்களில் 13ஐ இழந்த இரும்பு! பாதியை இழக்க வேண்டுமானால் அங்கே இலட்சக்கணக்கான டிகிரி இருந்தாக வேண்டும். அவ்வாற்றலை மேலேற்றுவன காந்தப் புலங்கள். அலைகளாலா, சிறுசிறு வெடிப்புகளாலா என்ற வழக்கு அறிஞரிடையே இன்னும் தீரவில்லை.

அப்படியானால் அங்கே செல்லும் கலம் உருகாதா என்று கேட்டோம். கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரி. கையில் விழுந்தால் சுடுவதில்லை. நூறு டிகிரி வெந்நீர் கொப்புளமாக்கிவிடுகிறது. வெப்பநிலை என்பது துகளின் வேகம்; வெப்பம் எத்தனை துகள்கள் வந்து மோதுகின்றன என்பதையும் பொறுத்தது. இவ்விரு சொற்களையும் வாழ்நாளெல்லாம் ஒரே பொருளில் வழங்கிவந்தவர்கள் நாங்கள்.

மாணவனை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். தேர்வு, விடைத்தாள், விடுமுறை என்று நாள் கடத்தினோம்; உண்மையில் கூச்சம். அடுத்த மலரில் வெளியிட்டுவிடலாம் என்றிருந்தோம். 2020இல் கல்லூரி மூடப்பட்டது, மலரும் வரவில்லை. கொரோனா என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்து சேர்ந்தது. அவன் இறுதியாண்டை இணையவழியில் முடித்துச் சென்றுவிட்டான்.

2024 டிசம்பர் 24 அன்று பார்க்கர் விண்கலம் சூரியனை 61 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. கொரோனாவுக்குள் புகுந்தும் அதன் கவசம் தாங்க வேண்டியிருந்தது ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டைத்தான். அச்செய்தியைப் படித்த மறுநாள் துறை அலமாரியைக் குடைந்தோம். தாள்கள் கிடைத்தன. இரண்டாம் பக்கத்தில் பச்சைக்கோடும் இரும்பின் பதின்மூன்று எலெக்ட்ரான்களும் அவன் கையெழுத்தில் தெளிவாக இருந்தன. அடித்த வாக்கியத்துக்கு அப்பால் நாங்கள் படித்திருக்கவில்லை.

அலுவலகப் பதிவேட்டிலுள்ள அவனது தொலைபேசி எண் இப்போது பயன்பாட்டில் இல்லை.